பழம் இல்லாத பழக் கிண்ணம்: ஒரு வண்ண வளையத்தின் வரலாறு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு சீரியல் பத்திப் பேசப்போறோம். ராத்திரி வீட்டுல டிவில ஓடுற சீரியல் இல்ல. காலையில கிண்ணத்துல கொட்டி, மேல பால் ஊத்திச் சாப்பிடுற சீரியல். அதுலயும் ஒரே ஒரு வகை: பழ வாசனையோட, கலர் கலரா வர்றது.

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. அமெரிக்காவுல விக்கிற ஃப்ரூட் லூப்ஸ் பெட்டியைக் கொஞ்சம் கற்பனை பண்ணிக்கோங்க. பெரிய அலகு வெச்ச ஒரு டூக்கன் பறவை. கிண்ணம் நிறைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, ஊதா, நீல வளையங்கள். இதுல எத்தனை பழம் இருக்கும்னு நினைக்கிறீங்க?

பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டுல பாருங்க. பொடி எழுத்துல ஒரு பட்டியல் இருக்கும். மக்காச்சோள மாவு, சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, ஸ்டார்ச், தாவர எண்ணெய், ஓட்ஸ் நார், உப்பு, 'இயற்கைச் சுவையூட்டி', ரெட் 40, யெல்லோ 5, யெல்லோ 6, ப்ளூ 1, கெட்டுப்போகாமல் இருக்க பிஎச்டி. அப்புறம் வரிசையா வைட்டமின்கள். அவ்வளவுதான். ஒரு பழத்தோட பேர்கூட அதுல இல்ல.

"ஏமாத்து வேலைப்பா"ன்னு சொல்லி எபிசோடை இங்கேயே முடிச்சிடலாம். ஆனா விஷயம் அவ்வளவு சுலபம் இல்ல. அந்தப் பெட்டி ஒரு பொய்கூடச் சொல்லல. நீதிமன்றமே அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கு. பொய் சொல்லாமலேயே பழத்தை எப்படி விக்கிறது? அதைக் கத்துக்க ஒரு தொழிலுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த நூறு வருஷம்தான் இன்னைக்கு நம்ம கதை. பெட்டியோட முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவுல நடந்த சண்டைன்னு வெச்சுக்கோங்க.

மருந்தாகப் பிறந்த உணவு

காலை உணவு சீரியல் பிறந்ததே ஆஸ்பத்திரி மாதிரியான ஓர் இடத்துலதான். 1863ல் நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் என்ற ஊரில் இயற்கை மருத்துவ நிலையம் நடத்திவந்தார் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன். தவிடு நீக்காத கோதுமை மாவைத் தகடாகச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு, 'கிரானுலா' என்று ஒன்றைத் தயாரித்தார். கல்லு மாதிரி இருக்கும். முந்தின ராத்திரியே ஊறவைத்தால்தான் காலையில் பல் இறங்கும். சர்க்கரையும் கிடையாது, வண்ணமும் கிடையாது. கொழுப்பும் இறைச்சியும் நிறைந்த காலை உணவால் அஜீரணத்தில் தவித்தவர்களுக்கு அது ஒரு வைத்தியம்.

அடுத்த காட்சி மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் க்ரீக். அங்கே செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையினர் தொடங்கிய சானிடேரியத்துக்கு 1876ல் தலைமை மருத்துவராக வந்தார் ஜான் ஹார்வி கெல்லாக். இறைச்சி கூடாது, மது கூடாது, காபி கூடாது, சர்க்கரையும் மசாலாவும் வேண்டாம் என்பது அவருடைய கொள்கை. அங்கே கணக்கு வழக்கு, நிர்வாகம் எல்லாம் பார்த்துக்கொண்டவர் அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக். 1894ல் வேகவைத்த கோதுமையை உருளைகளில் நசுக்கி மெல்லிய செதில்களாக எடுக்கும் முறை அங்கே உருவானது. பிறகு அதையே சோளத்திலும் செய்தார்கள். நம்ம ஊர் கடையிலும் கிடைக்கிற கார்ன் ஃப்ளேக்ஸ் அதுதான்.

அண்ணன் அதை நோயாளிக்கான உணவாகப் பார்த்தார். தம்பி அதை வாடிக்கையாளருக்கான உணவாகப் பார்த்தார். சண்டை அங்கேதான் தொடங்கியது. கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் ஊரே வாங்கும் என்பது தம்பியின் கணக்கு. 1906ல் வில் தனியாகக் கம்பெனி தொடங்கினார். சர்க்கரை உள்ளே வந்தது. கெல்லாக் என்ற பெயரை யார் பயன்படுத்துவது என்று அண்ணனும் தம்பியும் பல வருஷம் கோர்ட் வாசலில் நின்றார்கள். கெல்லாக்ஸ் பெட்டிகளில் சிவப்பு நிறத்தில் கையெழுத்து மாதிரி ஒரு பெயர் இருக்கும் இல்லையா? அது தம்பியோட கையெழுத்திலிருந்து வந்தது. டாக்டரோடது இல்ல.

இதே பேட்டில் க்ரீக்கில் இன்னொரு ஆள். சானிடேரியத்துக்கு நோயாளியாக வந்த சி.டபிள்யூ. போஸ்ட். அங்கே என்ன நடக்கிறது என்று கவனித்துவிட்டு வெளியே போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1897ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த சீரியலின் பெயர் 'கிரேப் நட்ஸ்'. திராட்சையும் கொட்டையும் என்று அர்த்தம் வருகிறது. உள்ளே இருந்தது கோதுமையும் பார்லியும். திராட்சையும் இல்லை, கொட்டையும் இல்லை. 'கிரேப் சுகர்' என்று அப்போது சொல்லப்பட்ட ஒரு வகைச் சர்க்கரையும், கொட்டை மாதிரியான சுவையும்தான் பெயருக்குக் காரணம் என்று விளக்கம் தரப்பட்டது.

ஆக, பெயர்ல பழம், உள்ள தானியம். இந்த வித்தை சீரியல் தொழில் தொடங்கின காலத்துலயே வந்தாச்சு.

சர்க்கரையைப் பெருமையாகச் சொன்ன காலம்

1939 வரைக்கும் சர்க்கரை வேண்டுமென்றால் வீட்டில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் பிலடெல்பியாவில் 'ரேஞ்சர் ஜோ' என்று ஒன்று வந்தது. கோதுமைப் பொரியின் மேல் பாகு பூசியது. முன்கூட்டியே இனிப்புப் பூசி விற்பனைக்கு வந்த முதல் சீரியல் என்று அதைத்தான் சொல்வார்கள். நம்ம கடலை உருண்டை, பொரி உருண்டை செய்கிற அதே பாகு வேலைதான்.

பெரிய கம்பெனிகள் இதைக் கையில் எடுத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1949ல் போஸ்ட் கம்பெனியின் 'சுகர் கிரிஸ்ப்' வந்தது. பின்னாலேயே கெல்லாக்ஸ் மூன்று விட்டது: 1950ல் 'சுகர் பாப்ஸ்', 1952ல் 'சுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்', 1953ல் 'சுகர் ஸ்மாக்ஸ்'. இதில் கடைசியாகச் சொன்னதில் எடையில் பாதிக்கு மேல், 56 சதவீதம், சர்க்கரை.

பெயர்களைக் கவனிச்சீங்களா? நாலுலயும் 'சுகர்'. ஒளிவு மறைவே இல்ல. அன்னைக்கு சர்க்கரைங்கிறது பெருமை. முன்பக்கத்துலயே பெரிய எழுத்துல போடலாம்.

கம்பெனிகள் சொன்ன நியாயம் இது: குழந்தைகள் எப்படியும் ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரை போட்டுத்தான் சாப்பிடப்போகிறார்கள், நாங்களே அளவாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். கேட்க நல்லா இருக்கு. ஆனா அளவை யார் முடிவு பண்ணாங்கங்கிறதுதான் கேள்வி.

பழம் வந்தது, பழம் இல்லாமல்

1954ல் ஜெனரல் மில்ஸ் கம்பெனி 'ட்ரிக்ஸ்' என்ற சீரியலைக் கொண்டுவந்தது. பழச் சுவை என்று சொல்லி விற்ற முதல் சீரியல் இது. சின்னச் சின்ன மக்காச்சோள உருண்டைகள், சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று நிறம். எடையில் சுமார் 46 சதவீதம் சர்க்கரை. 1959ல் அதற்கு ஒரு முயல் பொம்மை வந்தது. எப்படியாவது ட்ரிக்ஸ் சாப்பிட வேண்டும் என்று அந்த முயல் ஒவ்வொரு விளம்பரத்திலும் திட்டம் போடும். குழந்தைகள் கண்டுபிடித்துப் பிடுங்கிவிடுவார்கள். இது எங்களுக்கு மட்டும்தான், உனக்கு இல்லை என்பார்கள். பெரியவர்களுக்கு வேலையே இல்லாத ஓர் உலகம் அது.

1963ல் கெல்லாக்ஸ் பதில் கொடுத்தது: ஃப்ரூட் லூப்ஸ். முதலில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றுதான். பச்சை, ஊதா, நீலம் எல்லாம் 1990களில் வந்து சேர்ந்தவை. கூடவே டூக்கன் சாம் என்ற பறவை. பழம் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும் மூக்கு அதற்கு. யோசிச்சுப் பாருங்க, பழம் இருக்குன்னு யாரும் வாயால சொல்லல. பழத்தை மோந்து பார்க்கத் தெரிஞ்ச ஒரு பறவையை மட்டும் பெட்டியில உக்கார வெச்சுட்டாங்க.

இப்போ பெயருக்கு வருவோம். இந்த இடத்துல தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு. தமிழ்ல எழுதினா எல்லாமே 'ஃப்ரூட்' தான், வித்தியாசம் தெரியாது. ஆங்கிலத்துல பழத்தைக் குறிக்கிற சொல்லோட நடுவுல வர்றது யு, ஐ. பெட்டியில இருக்கிறது ஓ, ஓ. ரெண்டு ஓ எழுத்துக்கும் பதிலா ரெண்டு வளையத்தையே வரைஞ்சிருப்பாங்க. முதல்ல சரியான எழுத்துல இருந்துச்சு, அப்புறம் மாத்திட்டாங்கன்னு இணையத்துல நிறைய பேர் சத்தியம் பண்ணுவாங்க. அப்படி இல்ல. 1963லிருந்தே ரெண்டு ஓ தான். காதுக்குப் பழம், எழுத்துக்குப் பழம் இல்ல. இந்த ரெண்டு ஓ என்ன வேலை பண்ணுதுன்னு கொஞ்ச நேரத்துல பார்ப்போம்.

இந்த வளையம் எப்படித் தயாராகுதுன்னும் சொல்லிடுறேன். நம்ம முறுக்கு அச்சு தெரியும்ல? அதே தத்துவம். மாவும் தண்ணீரும் ஓர் இயந்திரத்துக்குள் அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகும். அச்சு வழியாக வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று குறைந்து, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, மாவு உப்பிக்கொள்ளும். கத்தி அதைத் துண்டு போடும். காயவைத்து, சுற்றும் டிரம்மில் போட்டு, சர்க்கரைப் பாகு தெளிப்பார்கள். சூட்டில் கெட்டுப்போகும் வாசனைப் பொருள்களையும் சில வைட்டமின்களையும் கடைசியில் தெளிப்பதுதான் வழக்கம்.

ஒரு கூடுதல் தகவல்: ஆறு நிறத்துக்கும் ஒரே சுவைதான். சிவப்புக்குச் செர்ரி, மஞ்சளுக்கு எலுமிச்சை என்றெல்லாம் இல்லை. கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டா எது எதுன்னு சொல்லவே முடியாது. கண்ணைத் திறந்தா சொல்லிடுவோம். நாக்குக்கு முன்னாடியே கண்ணு சாப்பிட்டு முடிச்சிடுது.

40 வெற்று டப்பாக்கள்

1970 ஜூலை. அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்றின் முன்னால் ராபர்ட் சோட் என்பவர் சாட்சி சொல்ல வந்தார். சிவில் இன்ஜினியர், நிக்சன் அரசில் பசி, ஊட்டச்சத்து பற்றிய ஆலோசகராக இருந்தவர். கடையில் விற்கும் 60 சீரியல்களை, ஊட்டச்சத்து அடிப்படையில் வரிசைப்படுத்தி அட்டவணை போட்டுக் காட்டினார். அதில் 40 வகைகள் வெறும் கலோரிதான், அதற்கு மேல் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை என்றார். குழந்தைகளை நோக்கி அதிகமாக விளம்பரம் செய்யப்பட்ட பல வகைகள் பட்டியலின் கீழ்ப் பகுதியில் இருந்தன.

கம்பெனிகள் கொதித்தன. சீரியலைத் தனியாக யார் சாப்பிடுகிறார்கள், பாலோடுதானே சாப்பிடுகிறார்கள் என்று வாதம் செய்தன. ஆனால் அட்டவணை செய்தித்தாள்களில் வந்துவிட்டது. அடுத்த சில வருஷங்களில் சீரியல்கள் மாறின. எப்படி மாறின என்பதுதான் முக்கியம். சர்க்கரையை எடுக்கவில்லை. வைட்டமினைச் சேர்த்தார்கள்.

இதுல நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த வைட்டமின் போலி இல்ல. தொழிற்சாலையில செஞ்ச அஸ்கார்பிக் அமிலமும், ஆரஞ்சுப் பழத்துல இருக்கிற வைட்டமின் சியும் ஒரே மூலக்கூறு. சரியாச் சாப்பாடு கிடைக்காத குழந்தைகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் இப்படியாவது போய்ச் சேருதுங்கிறதும் உண்மை. ஆனா பழத்துல வைட்டமின் மட்டும் இல்ல. தண்ணி இருக்கு, நார் இருக்கு, மெல்ல எடுக்கிற நேரம் இருக்கு. அதையெல்லாம் தெளிச்சுவிட முடியாது. 'வைட்டமின் நிறைந்தது'ன்னு முன்பக்கத்துல போட முடிஞ்சது. அதுதான் கம்பெனிக்கு லாபம்.

'சுகர்' காணாமல் போனது

1974ல் ஐரா ஷானன் என்ற பல் மருத்துவ ஆய்வாளர், கடையில் வாங்கிய 78 சீரியல்களைச் சோதனைக்கூடத்தில் அளந்து, எதில் எவ்வளவு சர்க்கரை என்று வெளியிட்டார். சிலவற்றில் பாதிக்கு மேல் சர்க்கரை. இதையெல்லாம் சீரியல் என்றா சொல்வது, மிட்டாய் அலமாரியில் அல்லவா வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

இதே சமயத்தில் ட்ரிக்ஸ் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1976ல் குழந்தைகளுக்கு ஒரு தேர்தல் நடத்தியது. முயலுக்கு ட்ரிக்ஸ் கொடுக்கலாமா, வேண்டாமா என்று பெட்டியின் மூடியை அனுப்பி ஓட்டுப் போடலாம். முயல் ஜெயித்தது. ஓட்டுப் போட பெட்டி வாங்கணுமேங்கிற கேள்வியைக் கேக்குற வயசு அந்த வாக்காளர்களுக்கு இல்ல.

1978ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு யோசனையை முன்வைத்தது. விளம்பரம் என்றால் என்ன என்று புரியாத சின்னக் குழந்தைகளைக் குறிவைத்து டிவி விளம்பரமே கூடாது. அதற்கு மேல் வயசுள்ள பிள்ளைகளுக்கு, பல்லைக் கெடுக்கும் சர்க்கரைப் பண்டங்களின் விளம்பரம் கூடாது. சீரியல், மிட்டாய், பொம்மை, டிவி கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து எதிர்த்தன. தாராளவாதப் பத்திரிகை என்று பெயரெடுத்த வாஷிங்டன் போஸ்ட்டே, நாட்டுக்கே ஆயா வேலை பார்க்க வருகிறார்களா என்ற தொனியில் தலையங்கம் எழுதியது. 1980ல் நாடாளுமன்றம் அந்தக் கமிஷனின் அதிகாரத்தையே வெட்டியது. 1981ல் யோசனை கைவிடப்பட்டது.

ஆனால் ஒன்று மட்டும் நடந்தது. 1980களில் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் 'சுகர்' என்ற சொல் நழுவியது. சுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ் வெறும் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ் ஆனது. சுகர் ஸ்மாக்ஸ், ஹனி ஸ்மாக்ஸ் ஆனது. சுகர் பாப்ஸ், கார்ன் பாப்ஸ் ஆனது. பெருமையா இருந்த சொல் சங்கடமா மாறினதும், சொல் போயிடுச்சு. சர்க்கரை அங்கேயேதான் இருந்துச்சு.

பழப் பெட்டிகளுக்கு இந்தத் தொல்லையே இல்ல. அவங்க பேர்ல முதல்லிருந்தே சர்க்கரை கிடையாதே.

கோர்ட்டுக்குப் போன ரெண்டு ஓ

இப்போ அந்த ரெண்டு ஓ கதைக்கு வருவோம். 2007ல் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு. ஃப்ரூட் லூப்ஸ் என்ற பெயரும் பெட்டியில் இருக்கும் படங்களும் உள்ளே பழம் இருப்பதாக நம்பவைக்கின்றன என்பது புகார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த எழுத்துக்கூட்டல் பழம் என்ற சொல்லே இல்லை. வளையங்களைப் பார்த்து யாரும் பழம் என்று நினைக்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் பக்கவாட்டில் பட்டியல் இருக்கிறது என்பது சாரம்.

2009ல் இன்னொன்று. 'க்ரஞ்ச்பெரி' என்ற பெயரில் கலர் உருண்டைகள் வரும் ஒரு சீரியலை நாலு வருஷமாக வாங்கியவர், அது நிஜமான பெரிப் பழம் என்று நம்பியதாக வழக்குப் போட்டார். அப்படி ஒரு பழம் உலகத்தில் எங்கேயும் விளைவதில்லை என்று சொல்லி நீதிபதி அனுப்பிவிட்டார். இணையமே சிரித்தது.

ஆனா சிரிக்கிறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு தீர்ப்பைப் பார்க்கணும். 2008ல், அதே கலிபோர்னியாவிலிருந்து போன இன்னொரு வழக்கு. கெர்பர் கம்பெனியின் 'ஃப்ரூட் ஜூஸ் ஸ்நாக்ஸ்', நடை பழகும் வயசுக் குழந்தைகளுக்கான தின்பண்டம். பெயரில் சரியான எழுத்தில் பழம். பெட்டியில் ஆரஞ்சு, பீச், ஸ்ட்ராபெரி, செர்ரி படங்கள். உள்ளே முதல் இரண்டு பொருள் கார்ன் சிரப்பும் சர்க்கரையும். பழம் என்று இருந்தது வெள்ளைத் திராட்சைச் சாறு மட்டும். பட்டியலில் எல்லாம் போட்டிருக்கிறோமே என்று கம்பெனி வாதாடியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பக்கத்தில் தவறாக நம்பவைத்துவிட்டு, உண்மையைப் பக்கவாட்டுப் பொடி எழுத்தில் தேடிக்கொள் என்று வாங்குபவரிடம் சொல்ல முடியாது என்றது. வழக்கு தொடர்ந்து நடக்கலாம் என்றது.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பழம்னு எழுதி, பழப் படம் போட்டவங்க மாட்டிக்கிட்டாங்க. பேர்ல சரியான எழுத்துல பழம்னு போடாம, நிறத்துலயும் வாசனையிலயும் ஒரு பறவையோட மூக்குலயும் சொன்னவங்க தப்பிச்சாங்க. எவ்வளவு குறைவா சொல்றோமோ அவ்வளவு பாதுகாப்பு. 1963ல் போட்ட அந்த ரெண்டு ஓ, 44 வருஷம் கழிச்சு ஒரு வழக்கை ஜெயிச்சுக் கொடுத்துச்சு.

பெரியவங்களுக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாத்தான் படும். நம்மள யாரும் ஏமாத்தல. ஆனா இந்தப் பெட்டி நமக்காகவா வரைஞ்சது? 'சாதாரண வாங்குபவர்'னு சட்டம் மனசுல வெச்சிருக்கிறது ஒரு பெரிய ஆளை. பறவையைப் பார்த்துக் கையை நீட்டுறது நாலு வயசுக் குழந்தை. அதுக்குப் படிக்கவே தெரியாது. அதோட மொழியே நிறம்தான்.

பச்சை டிக்

அதே 2009ல் இன்னும் ஒரு கூத்து நடந்தது. உணவுக் கம்பெனிகள் சேர்ந்து 'ஸ்மார்ட் சாய்சஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கின. ஆரோக்கியமான பொருளின் முன்பக்கத்தில் ஒரு பச்சை டிக். ஃப்ரூட் லூப்ஸுக்கும் டிக் கிடைத்தது. சீரியலுக்கு அனுமதித்த சர்க்கரை, ஒரு பரிமாறலுக்கு 12 கிராம். ஃப்ரூட் லூப்ஸில் இருந்தது சரியாக 12 கிராம். அன்றைய பெட்டியின் எடைக்கணக்கில் அது 41 சதவீதம். திட்டத்தில் இருந்த ஓர் ஊட்டச்சத்து நிபுணர், டோநட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்ற அர்த்தத்தில் விளக்கம் கொடுக்கப்போய், அதுவே கேலிக்கு ஆளானது. உணவு மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியதும், 2009 அக்டோபரில் திட்டமே நிறுத்தப்பட்டது.

பழம் கடைசியில் வந்தது

கடைசி ரவுண்டு, நிறத்துக்கு எதிரா. ரெட் 40, யெல்லோ 5 மாதிரியான நிறங்கள் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்யப்படுபவை. 2007ல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, சில செயற்கை நிறங்களின் கலவையைச் சாப்பிட்ட குழந்தைகளில் துறுதுறுப்பு கூடியதாகச் சொன்னது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி இல்லை, விளைவும் பெரிது இல்லை. இருந்தாலும் 2010லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வகை ஆறு நிறங்கள் சேர்ந்தால் பெட்டியில் எச்சரிக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தது.

அமெரிக்காவில் ஜெனரல் மில்ஸ் தானாகவே முயன்றது. 2016ல் ட்ரிக்ஸுக்கு மஞ்சள், முள்ளங்கி, ஊதா கேரட், ஸ்ட்ராபெரிச் சாறு ஆகியவற்றிலிருந்து நிறம் எடுத்தார்கள். ஆமா, நம்ம மஞ்சள்தான். ஆனா பளீர் நீலமும் பச்சையும் கிடைக்கல, அதை விட்டுட்டாங்க. வாங்கினவங்க வரவேற்றாங்களா? டல்லா இருக்குன்னு ஒரே புகார். 2017ல் பழைய செயற்கை நிற ட்ரிக்ஸ் மறுபடி கடைக்கு வந்தது.

கனடாவில் விற்கும் ஃப்ரூட் லூப்ஸில் கேரட், தர்பூசணி, புளூபெரிச் சாறுகளிலிருந்து நிறம் எடுக்கிறார்கள். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது என்று 2024 அக்டோபரில் பேட்டில் க்ரீக் தலைமை அலுவலகத்தின் வாசலிலேயே போராட்டம் நடந்தது. அதற்கு முந்தைய மாதம், பள்ளிச் சாப்பாட்டில் ஆறு செயற்கை நிறங்களைத் தடை செய்யும் சட்டத்தில் கலிபோர்னியா கவர்னர் கையெழுத்திட்டார். 2027 முடிவுக்குள் செயற்கை நிறங்களை எடுத்துவிடுவதாக 2025ல் கம்பெனி ஒப்புக்கொண்டது.

அதாவது, அறுபது வருஷத்துக்கு அப்புறம் பழம் ஒருவழியா கிண்ணத்துக்குள்ள வருது. சாப்பாடா இல்ல, சாயமா.

நல்ல மாற்றம்தான், குறை சொல்லல. ஆனா சர்க்கரை எங்கே போச்சு? இப்போதைய அமெரிக்கப் பெட்டிக் கணக்குப்படி 39 கிராம் பரிமாறலுக்கு 12 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன். 2009ஐ விடக் குறைஞ்சிருக்கு, உண்மைதான். நார்ச்சத்து 2 கிராம், புரதம் 2 கிராம். ரெண்டு வயசுக்கு மேல உள்ள பிள்ளைகளுக்கு, சேர்க்கப்பட்ட சர்க்கரை நாள் முழுக்க 25 கிராமுக்குள்ள இருக்கணும்ங்கிறது அமெரிக்க இதய சங்கத்தோட பரிந்துரை. கிட்டத்தட்ட பாதி, காலை எட்டு மணிக்கே முடிஞ்சது. அதுவும் 39 கிராம் அளந்து போட்டா மட்டும். பசியில கொட்டுற கிண்ணத்துக்குத் தராசு ஏது?

பக்கவாட்டு எப்படி வந்தது

இந்த மொத்தக் கதையிலயும் முன்பக்கம் எத்தனை வேஷம் போட்டிருக்குன்னு எண்ணிப் பாருங்க. மருந்து, சர்க்கரை, வைட்டமின், தேன், பச்சை டிக், இப்போ இயற்கை நிறம். எந்தக் காலத்துல எது விக்குமோ அது. பக்கவாட்டு மட்டும் ஒரே திசையில போச்சு. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிகமா சொல்ல வேண்டி வந்தது. ஆனா எந்தக் கம்பெனியும் அதைப் பெரிய மனசோட தரல. 1938 சட்டம் பொருள்களின் பட்டியலைக் கேட்டது. 1990 சட்டம், 1994லிருந்து ஊட்டச்சத்து அட்டவணையைக் கட்டாயமாக்கியது. 2020லிருந்து பெரிய கம்பெனிகள் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை'யைத் தனி வரியில் போட்டாக வேண்டும். அந்த ஒவ்வொரு வரியும் யாரோ சண்டை போட்டு வாங்கினது.

நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்டுலயும் கலர் கலரா நிறைய வந்தாச்சு. அதனால கையோட ரெண்டு விஷயம். ஒண்ணு, இங்கேயும் சட்டப்படி எடை அதிகமா இருக்கிற பொருள்தான் பட்டியல்ல முதல்ல வரணும். சர்க்கரை எத்தனாவது இடத்துல இருக்குன்னு பாருங்க. பழம் இருக்கா, எத்தனாவது இடம்னும் பாருங்க. ரெண்டாவது, நிறங்கள் இங்கே பெரும்பாலும் எண்ணாத்தான் வரும். யெல்லோ 5 இங்கே 102. யெல்லோ 6 இங்கே 110. ப்ளூ 1 இங்கே 133. ரெட் 40க்கு எண் 129.

படிச்சிட்டு வாங்கணுமா வேண்டாமான்னு நான் சொல்லப்போறதில்ல. ஆசைக்கு ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாது. மிட்டாயும் நாம சாப்பிடுறதுதானே. மிட்டாய்னு தெரிஞ்சு சாப்பிடுறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா வீட்டுல ஒரு குட்டி இருந்து, கடையில அந்தப் பறவையைக் காட்டிக் கையை நீட்டுச்சுன்னா, பெட்டியை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. அதுக்குப் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும்ல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.